திருத்திய புரோகிராம் ஏன் பழையபடியே ஓடுகிறது?

பைத்தான் மொழியில் வீட்டுக் கணக்கு பார்க்க நீங்களே ஒரு சிறு பேக்கேஜ் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். பேக்கேஜ் என்பது மற்ற புரோகிராம்கள் அழைத்துப் பயன்படுத்தும் பைல்களின் தொகுப்பு. கூட்டலில் ஒரு தவறு தெரிகிறது. பைலைத் திறந்து திருத்தி, சேவ் செய்து மீண்டும் இயக்குகிறீர்கள். அதே தவறு! நானும் ஓர் இரவு முழுக்க, ஏற்கனவே சரி செய்துவிட்ட வரியையே முறைத்துப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். "பிப் இன்ஸ்டால்" கட்டளை கொடுத்தபோது உங்கள் பைல்கள் "சைட் பேக்கேஜஸ்" என்ற போல்டருக்குக் காப்பி செய்யப்பட்டன. இயங்குவது அந்தக் காப்பி. நீங்கள் திருத்துவதோ மூலத்தை. ஒவ்வொரு திருத்தத்திற்கும் மீண்டும் இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்; ஆனால் ஒரு நாளில் நாற்பது முறை யார் செய்வது? ஒரு முறை மறந்தாலும் பழைய கதைதான்.

இதற்கு எளிய வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் உங்கள் பேக்கேஜின் "பைபிராஜெக்ட்" பைல் உள்ள போல்டருக்குச் செல்லுங்கள். "பிப் இன்ஸ்டால்" என்று டைப் செய்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்து "இ"யும், மீண்டும் இடைவெளி விட்டு ஒரு புள்ளியும் சேர்த்து என்டர் தட்டுங்கள். புள்ளி என்றால் "இந்த போல்டர்" என்று பொருள். "இ" என்பது எடிட்டபிள், அதாவது திருத்தத்தக்கது. இப்போது காப்பிக்குப் பதிலாக உங்கள் போல்டரைச் சுட்டும் இணைப்பு மட்டுமே வைக்கப்படும். இனி சேவ் செய்து புரோகிராமை மறுபடி இயக்கினால் போதும். 2021-ல் வந்த பிப் 21.3 பதிப்பிலிருந்து, பழைய "செட்டப்" பைல் இல்லாமலே இது நடக்கிறது.

சந்தேகமா? பேக்கேஜை இம்போர்ட் செய்து, அதன் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும், இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் கொண்ட "பைல்" என்ற சொல்லும் சேர்த்து பிரிண்ட் செய்யுங்கள். எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று முழு முகவரியும் திரையில் வரும். இந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

சில இடங்களில் இந்த வழி கை கொடுக்காது. பைபிராஜெக்ட் பைலில் பதிப்பு எண்ணையோ, தேவைப்படும் மற்ற பேக்கேஜ்களின் பட்டியலையோ மாற்றினால் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். சி மொழியில் எழுதிய பகுதி இருந்தால் அதை மீண்டும் கம்பைல் செய்யத்தான் வேண்டும். திறந்தே இருக்கும் பைத்தான் விண்டோவுக்கும் புதிய மாற்றம் தெரியாது, மூடிவிட்டுத் திறங்கள்.

முக்கியமாக, மூல போல்டரை வேறு டிரைவுக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ இணைப்பு அறுந்துவிடும். நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டுத் தரும்போது அந்த "இ" வேண்டாம். அங்கே காப்பி இருப்பதுதான் நல்லது.