சோற்றுக் கரண்டியும் காலை நடையும்

இந்தியப் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் எடையைக் கவனிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள். இன்னோர் அளவுகோல் உடல் நிறை குறியீடு. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அது கிடைக்கும். உலக அளவில் 25 வரை இயல்பு என்கிறார்கள். இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் ஒத்துக்கொண்ட அளவின்படி, நமக்கு 23-லேயே கூடுதல் எடை தொடங்குகிறது. 25 என்றால் உடல் பருமன். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோ முதல் எல்லை, 60 கிலோ இரண்டாவது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் உடல்வாகு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம்மவருக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வு 25-ஐயே எல்லையாகக் கொள்கிறது. அப்படியிருந்தும் அதன் ஐந்தாம் சுற்றில் (2019–21), மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 22.7 விழுக்காட்டினர் கூடுதல் எடையுடன் இருந்தார்கள். முந்தைய சுற்றில் இது 19.9. தமிழ்நாட்டில் அதே இடைவெளியில் 30.9 என்பது 40.4 ஆகிவிட்டது. இந்தியா முழுவதும் நகரப் பெண்களின் பங்கு கிராமப் பெண்களைவிட மிக அதிகம். லிஃப்ட், வாசலில் கார், வீட்டு வேலைக்கு ஆள் என்று அமைந்த, கொல்கத்தாவின் அலிப்பூர் வட்டார அடுக்ககங்களில் இந்த வித்தியாசம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னோர் எண் உண்டு. மேற்கு வங்கப் பெண்களில் 71.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. எடைக் குறைப்பு பற்றிப் பேசும் எவரும் இந்த எண்ணை மறக்கக் கூடாது. காலையில் வெறும் தேநீர், மதியம் இரண்டு பிஸ்கட், இரவு ஒரு ஆப்பிள் என்று இருக்கும் பட்டினித் திட்டங்கள், ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த உடம்பிலிருந்து இன்னும் பிடுங்குகின்றன. முடி உதிர்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மூன்றாவது மாதம் எடை திரும்பிவிடுகிறது. குறைக்க வேண்டியது மாவுச்சத்தும் எண்ணெயும் சர்க்கரையும்தான். மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது.

உட்கார்ந்திருப்பவருக்குப் பசி குறைவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று மேற்கு வங்கத்திலேயே நடந்தது. ழான் மேயர், பூர்ணிமா ராய், கே.பி. மித்ரா மூவரும் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டு 1956-இல் வெளியிட்டார்கள். கடினமாக உழைத்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், ஆனால் எடை கூடவில்லை. இலேசான வேலை செய்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். நாள் முழுதும் கடையிலும் மேசையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இலேசான வேலைக்காரர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையிலும் அவர்களே முதல். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உடல் அசைவு குறைந்துவிட்டால், பசிக்கும் தேவைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அது ஒரே ஓர் ஆலையில், ஆண்களிடம் மட்டும் எடுத்த கணக்கு. பெண்களை அன்று யாரும் அளக்கவில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 விழுக்காடு, ஆண்கள் 42. சணல் ஆலைப் பாடம் இன்று பெண்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

உணவில் முதல் கணக்கு சோறு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. தமிழ் வீட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று தடவை இலையில் விழுகிறது. அலிப்பூரில் குடியேறி, முருங்கைக்காய்க்கும் காப்பித் தூளுக்கும் லேக் மார்க்கெட் வரை போய்வரும் தமிழ்க் குடும்பங்களும் இந்த வரிசையை விடுவதில்லை. விட வேண்டியதும் இல்லை. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்து, மோரை டம்ளரில் குடித்தால் இரண்டு தடவைச் சோறு மிச்சமாகிறது. சுவையில் எதுவும் குறைவதில்லை. மிச்சமான இடத்தில் கூட்டும் பொரியலும் இரண்டு மடங்கு வர வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மணிக்கே பசிக்கும்.

வங்காளிச் சாப்பாட்டில் எடையைக் குறைக்க உதவும் ஒழுங்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முதலில் கசப்பு: பாகற்காய் சேர்த்த ஷுக்தோ. அடுத்துப் பருப்பும் கீரையும். மீன் பிறகுதான். நார்ச்சத்தும் புரதமும் முதலில் வயிற்றுக்குள் போனால் இரத்தச் சர்க்கரை மெல்ல ஏறுகிறது, சோறு குறைவாகவே இறங்குகிறது. பரபரப்பான நாள்களில் முதலில் கைவிடப்படுவது இந்தக் கசப்புக் கிண்ணம்தான் என்பது வருத்தமான விஷயம். ரோகு மீன் 100 கிராமில் 17 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, கலோரி நூறுக்குள்தான். மீனைக் கடுகெண்ணெயில் முறுகலாகப் பொரித்த பிறகு குழம்பில் போடும் பழக்கம்தான் கணக்கைக் கெடுக்கிறது. இலேசாகப் பிரட்டி, நீர்த்த குழம்பில் வேகவிட்டால் போதும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொல்கத்தா பிரியாணியில் இருக்கும் அந்தப் பெரிய உருளைக்கிழங்கும் சோறுதான்.

எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4 மட்டுமே. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவுக்கு ஒரு நாளில் 27 கிராம் எண்ணெயும் நெய்யும் போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். சமையலறையில் எண்ணெய் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்தால், வீடு எங்கே நிற்கிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மைதா லூச்சியும் உருளை தம்மும், மழை வந்தால் பஜ்ஜி வகையான தேலேபாஜா, இரவில் மாவை எண்ணெயில் சுட்ட ரோல் என்று போகும் வீட்டில் அந்தப் பாட்டில் பாதி மாதத்திலேயே காலியாகும். மாலைப் பசிக்குத் தெருவிலேயே நல்ல விடை இருக்கிறது: பொரி, வெங்காயம், வெள்ளரி, பச்சை மிளகாய், ஊறவைத்த கடலை போட்ட ஜால்முரி. மேலே ஊற்றும் கடுகெண்ணெயைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இனிப்பென்றால் எல்லோரும் ரசகுல்லாவைக் குற்றம் சொல்கிறார்கள். தேநீர்தான் கூடுதலாகக் கெடுக்கிறது. ஒரு நாளில் நான்கு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம். மேற்சொன்ன வழிகாட்டுதல் நாளுக்கு 20 முதல் 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. மிஷ்டி தோயோ சந்தேஷோ வாரம் ஒரு முறை ஆசையாகச் சாப்பிட்டால் எடை ஏறிவிடாது. கவனமே இல்லாமல் குடிக்கும் தேநீரும் கூட வரும் பிஸ்கட்டும்தான் ஏற்றுகின்றன.

பெண்களுக்கே உரிய ஒரு பழக்கத்தை உணவுப் பட்டியல்கள் கண்டுகொள்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்கார்வது, குழந்தை தட்டில் விட்ட இட்லியை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது, மீந்த சோற்றை இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு முடிப்பது. இதில் பெண்ணின் குற்றம் எதுவுமில்லை, வீட்டின் ஏற்பாடுதான் அப்படி. அதனால் மாற்றமும் வீடு முழுவதற்குமாக வர வேண்டும். எல்லோரும் எட்டு மணிக்கு ஒன்றாகச் சாப்பிடுவது, மீந்ததை உடனே ஃப்ரிட்ஜில் வைப்பது, சமைப்பவரே தன் தட்டில் முதலில் மீனும் பருப்பும் எடுத்துக்கொள்வது. எடை குறைக்கும் பெண்ணுக்குத் தனிச் சமையல் என்று தொடங்கினால், அந்த வேலையும் அவள் தலையிலேயே விழும், நீடிக்காது.

உடற்பயிற்சியால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதில் தெளிவு வேண்டும். 65 கிலோ எடையுள்ள பெண் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் 110, 120 கலோரிதான் செலவாகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அதைத் திருப்பித் தந்துவிடும். எடையை இறக்குவது பெரும்பாலும் உணவுதான். இறங்கிய எடை திரும்ப ஏறாமல் காப்பதும், தசையையும் எலும்பையும் மனத்தையும் பேணுவதும் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசை வலுவூட்டலும் கேட்கிறது.

நடப்பதற்கு அலிப்பூரைப் போன்ற வட்டாரம் கொல்கத்தாவில் குறைவு. 1820-இல் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. பெல்வெடேரில் தேசிய நூலகத்தைச் சுற்றிப் பழைய மரங்கள். சற்றுக் கிழக்கே போனால் ரவீந்திர சரோவர், 192 ஏக்கர். அதில் 73 ஏக்கர் நீர். நேரம்தான் இங்கே முக்கியம். மே மாதத்தில் ஐந்து மணிக்கே நன்றாக வெளிச்சம் வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது கூடுதலாகக் கிடைத்த முக்கால் மணி நேரம். ஆறரைக்குப் பிறகு அந்த ஈரப்பதத்தில் வேகமாக நடப்பது இதயத்துக்குச் சுமை. டிசம்பர், ஜனவரியில் கணக்கு தலைகீழ்: விடியற்காலையில் புகைமாசு தரையோடு படிந்து கிடக்கும், வெயில் ஏறிய பிறகே இறங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை நடையை நிறுத்திவிடும். அதற்கு மாற்று அடுக்ககத்தின் படிக்கட்டுதான். முழங்கால் வலியில்லாதவர்கள் லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறலாம்.

தசைப் பயிற்சியைப் பெண்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். உடம்பு முறுக்கேறி ஆண்போல ஆகிவிடும் என்ற பயம் தேவையற்றது. பெண்ணின் ஹார்மோன்கள் அதற்கு இடம் தருவதில்லை. முப்பதைத் தாண்டிய பின் தசை ஆண்டுதோறும் மெல்லக் கரைகிறது. மாதவிடாய் நிற்கும் நாற்பதுகளின் பிற்பகுதியில் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்றவை தொடக்கத்துக்குப் போதும். புடவையிலும் செய்யலாம்.

துர்கா பூஜை நாள்கள் தனி. நியூ அலிப்பூரின் சுருசி சங்கம், சேத்லா அக்ரணி என்று பந்தல் பந்தலாக நள்ளிரவு வரை நகரமே நடக்கிறது. வழியெங்கும் ரோலும் பிரியாணியும். அதே நவராத்திரியில் தமிழ் வீட்டுக் கொலுவில் சுண்டல். கொண்டைக்கடலையும் பயறும் புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தவை, எண்ணெய் ஒரு தாளிப்பு அளவுதான். இந்தச் சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் மாலைச் சிற்றுண்டியாக வைத்துக்கொள்ளும் வீடு நல்ல முடிவெடுத்த வீடு.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ இறக்கினாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும். சாப்பாடு அளவாக இருந்தும் எடை ஏறினாலோ, மாதவிடாய் தவறினாலோ தைராய்டையும் சினைப்பையையும் முதலில் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 110 பேர் பெண்கள். தினமும் அரை மணி நடை, சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த உணவு என்ற பிரிவில் இருந்தவர்களிடம் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி மாறவில்லை. எடை இயந்திரத்தின் முள் அசையாத மாதங்களிலும் நடையை நிறுத்தாதீர்கள்.