சுருண்டு கிடக்கும் நோயாளி

பிரிட்டனில் இலையுதிர் காலம் முற்றும்போது கால்நடை மருத்துவமனைகளுக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பிக்கும். உள்ளே, பழைய துண்டில் சுற்றி, ஒரு முள் உருண்டை இருக்கும். பட்டப்பகலில் புல்தரையில் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது என்பார் கொண்டுவந்தவர். டாக்டருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். முள்ளெலி இரவில் நடமாடும் பிராணி. அது பகலில் வெட்டவெளியில் அசையாமல் கிடக்கிறது என்றால் உடம்பு குளிர்ந்து, சாகிற நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

முள்ளம்பன்றி வேறு, முள்ளெலி வேறு. முள்ளம்பன்றி கொறிக்கும் இனம். முள்ளெலி பெயரில்தான் எலி. உறவு முழுக்க மூஞ்சூறு வகையறாவோடு. உள்ளங்கைகளில் ஏந்திக்கொள்ளும் அளவு உடம்பு, முதுகில் 5,000-க்கு மேற்பட்ட முட்கள், வண்டும் புழுவும் சாப்பாடு. ஐரோப்பிய முள்ளெலியை 2020-இல் பிரிட்டனின் பாலூட்டிகள் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்துக்கு உள்ளானது என்று சேர்த்தார்கள். 2024-இல் உலக அளவிலான பட்டியலும் அதை அபாயத்தை நெருங்கும் இனமாக அறிவித்தது.

இந்த நோயாளியைப் பரிசோதிப்பதில் முதல் சிக்கல், அதைத் திறப்பதுதான். முதுகைச் சுற்றி ஓடும் வட்டத் தசை ஒன்று, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி, தலை, கால், வயிறு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். விரலால் பிரிக்கப் பார்த்தால் விரல்தான் புண்ணாகும். அதனால் மூடிய பெட்டியில் வைத்து ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவைச் செலுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தசை தளர்ந்து, ஈரமான கறுப்பு மூக்கும் மயிர் அடர்ந்த வயிறும் வெளியே வரும்.

அதன் பிறகுதான் உண்மையான கணக்கெடுப்பு. காதோரம் உண்ணிகள். முட்களின் அடியில் ஈ இட்ட முட்டைகள் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டியிருக்கும். சில மணி நேரம் தாமதித்தால் புழு வைத்துவிடும், எனவே இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். புல்வெட்டும் கருவி கிழித்த முகம், விளையாட்டு வலை இறுக்கிய கால் எல்லாம் அடிக்கடி பார்ப்பவை. தானாக ஓடும் ரோபோ புல்வெட்டிகளை டென்மார்க்கில் இறந்த முள்ளெலிகளை வைத்துச் சோதித்தார்கள். சில மாடல்கள் தயங்கி நிற்கவில்லை, வெட்டிவிட்டன. இரவில் அவற்றை ஓட்டாதீர்கள் என்று டாக்டர்கள் கெஞ்சுவது இதனால்தான்.

பார்த்தால் நம்ப முடியாத நோய் ஒன்றும் உண்டு. நுரையீரலிலோ தோலிலோ காயம் ஏற்பட்டு, தோலுக்கு அடியில் காற்று சேர்ந்துவிடும். முள்ளெலிக்குத் தோல் தளர்ச்சியானது, சுருண்டுகொள்ள இடம் வேண்டுமே. அந்த இடம் முழுவதும் காற்று நிரம்பி, கால் தரையைத் தொடாமல் பந்தாக உப்பிப்போகும். ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். அதற்குமுன் முட்கள் நடுவே ஒரு சிறு இடத்தைத் தேடித் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையின் வரிசை முக்கியம். முதலில் சூடு. குளிர்ந்துபோன உடம்பில் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் ஊட்டினால் கெடுதிதான். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், இருட்டு, அமைதி. அடுத்து முட்களும் மயிரும் சந்திக்கும் விளிம்பில் தோலுக்கடியில் சலைன். கடைசியாகத்தான் உணவு, பெரும்பாலும் இறைச்சி கலந்த பூனை உணவு. காலங்காலமாக அங்கே வீட்டுக்காரர்கள் அன்போடு வைத்தது ரொட்டியும் பாலும். பால் சர்க்கரை முள்ளெலிக்குச் செரிக்காது, வயிற்றோட்டமாகி உயிரையே எடுத்துவிடும். மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நுரையீரல் புழுவின் குஞ்சுகள் தெரியும். வண்டு கிடைக்காத தோட்டத்தில் நத்தைகளைத் தின்று வரவழைத்துக்கொண்டது அது.

கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை, முள்ளுக்குப் பயந்து மட்டுமல்ல. அதன் தோலில் வாழும் ஒரு பூஞ்சை மனிதருக்குப் படர்தாமரை தரும். அதே பூஞ்சை பென்சிலின் வகை மருந்தைத் தானே சுரக்கிறது. பக்கத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க மருந்து எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன. டென்மார்க், சுவீடன் முள்ளெலிகளில் 60 சதவீதம் வரை எம்ஆர்எஸ்ஏ என்ற, மருந்துக்கு அடங்காத கிருமியின் ஒரு வகையைச் சுமப்பதாக 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. அந்த வகை தோன்றி சுமார் 200 ஆண்டுகள் ஆகின்றன. ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-இல். ஆஸ்பத்திரிகளில் நாம் பயந்து நடுங்கும் மருந்து எதிர்ப்பு, அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு புதர் ஓரத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

குணமானாலும் உடனே விடமுடியாது. நிமிடத்துக்கு 190 அளவில் இருக்கும் இதயத்துடிப்பு குளிர்கால உறக்கத்தில் 20 வரை இறங்கும். மாதக்கணக்கில் சேமித்த கொழுப்பில்தான் உயிர் ஓட வேண்டும். ஏறத்தாழ 450 கிராம் எடை தேறாத குட்டி வசந்தத்தைப் பார்ப்பது கடினம். தேறாதவை எல்லாம் மீட்பு மையங்களில் பனிக்காலத்தைக் கழிக்கும். ஒரு காலை இழந்தது வெளியே பிழைக்குமா, கருணையோடு முடித்துவிடலாமா என்ற முடிவும் டாக்டர் தலையில்தான். வீட்டு நாய் என்றால் முடமாகவும் வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். காட்டு உயிருக்கு அந்தச் சலுகை இல்லை.

அதே மருத்துவமனையின் அடுத்த அறையில் செல்லப் பிராணியாக வளரும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி காத்திருக்கும். அதற்கு எல்லாமே தலைகீழ். அறை குளிர்ந்தால் அதுவும் உறங்கப் பார்க்கும். ஆனால் வெப்ப நிலத்து உடம்பு அதற்குப் பழகியதல்ல, செத்துப்போகலாம். இவற்றில் புற்றுநோய் சகஜம். பின்னங்கால் தள்ளாட்டத்தில் தொடங்கி உடம்பெல்லாம் செயலிழக்கும் நரம்பு நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை.

செல்லமாக வளர்க்கும் மற்ற விநோதப் பிராணிகளின் கதையும் இப்படித்தான். தாடி ஓணான் என்ற பல்லி இனத்தைக் கொண்டுவந்தால் டாக்டர் அதைத் தொடும் முன்பு கேட்பது, கூண்டில் விளக்கை எப்போது மாற்றினீர்கள் என்பது. புற ஊதாக் கதிர் இல்லாமல் கால்சியம் உடம்பில் ஏறாது. தாடை ரப்பராகத் தளர்ந்து, எலும்பு வளையும். பளிச்சென்று எரியும் குழல் விளக்கிலும் சில மாதங்களில் அந்தக் கதிர் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. விநோதச் செல்லங்களின் வியாதிகளில் பாதிக்கு மேல் கூண்டுதான் காரணம் என்பது என் முடிவு. மருந்துச் சீட்டு எழுத வேண்டியது வளர்ப்பவருக்கு.

நமக்கும் ஒரு முள்ளெலி உண்டு. தென் தமிழகத்துப் புதர்க்காடுகளிலும் தரிசுகளிலும் வாழும் மெட்ராஸ் முள்ளெலி, பிரிட்டனின் உறவினரைவிடச் சிறியது. வாகனச் சக்கரம் ஒரு எமன் என்றால், கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளையும் தோலையும் மருந்தாகத் தேடும் பழக்கம் இன்னொரு எமன். சாலையோரம் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் தடித்த துணியால் எடுத்து, காற்று போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், பால் ஊற்றாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகவே போடுகிறார்கள்.