எல்லாப்பூருக்கு வழி
(கறுப்பு வெள்ளைப் பாடங்கள் – 9)

பிப்ரவரி பிறந்தால் பெங்களூரின் சில பள்ளிகளில், குறிப்பாக அமெரிக்கா போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடங்களில், ரோசா பார்க்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடுவார்கள். நல்ல காரியம்தான். இந்தக் கறுப்பின வரலாற்று மாதத்தைத் தொடங்கிவைத்த கார்ட்டர் உட்சன், அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, வயது கடந்து பள்ளிக்குப் போய், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். பாடப்புத்தகங்களில் தன் மக்களுக்கு இடமில்லை என்ற கோபத்தில் 1926இல் ஒரு வாரத்தை ஒதுக்கினார். லிங்கன், ஃபிரெடெரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் அந்த வாரத்தில் வந்தன. 1976இல் அது ஒரு மாதமாக நீண்டது.

உட்சனின் கோபத்துக்குக் கர்நாடகத்திலும் வேலை இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா பக்கம் காட்டையொட்டி சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்த அடிமைகள் இவர்களுடைய முன்னோர்களில் பலர். தப்பியவர்களும் விடுபட்டவர்களும் மலையேறி மேற்குத் தொடர்ச்சியில் குடியமர்ந்தார்கள். இன்று அவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. வீட்டில் கொங்கணி, கடைத்தெருவில் கன்னடம். பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்ற போர்வையின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த ‘பூ’ இருக்க வேண்டும். பூ இல்லாத கவந்தி அவர்கள் கணக்கில் அம்மணம்!

அரசின் கண்ணுக்கு முதலில் பட்டது இவர்களின் கால்கள். 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதிகளில் வைத்து ஓடப் பழக்கியது. ஆப்பிரிக்க ரத்தம், ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவரும் என்ற கணக்கு. தேசிய அளவில் சிலர் மேலே வந்தார்கள். சில ஆண்டுகளில் திட்டம் நின்றுபோனது. பிள்ளைகள் பலர் ஊர் திரும்பினார்கள். அட்டவணைப் பழங்குடி என்ற தகுதி கிடைத்தது 2003இல்தான். சட்ட மேலவைக்குள் ஒரு சித்தி, சாந்தாராம் சித்தி, கால்வைக்க 2020 ஆயிற்று. ஓடச் சொன்னவர்கள் படிக்கச் சொல்லியிருந்தால் இத்தனை தாமதம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

பெங்களூருக்கே வருவோம். 2016 ஜனவரி 31 இரவு, ஹெசரகட்டா பக்கம் சூடான் நாட்டு மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியே வந்த தான்சானியா மாணவியையும் நண்பர்களையும் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அவர்கள் வந்த காரைக் கொளுத்தியது. விபத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தோலின் நிறம் மட்டும் ஒன்று. மறுநாள் பிப்ரவரி 1.

ரோசா பார்க்ஸ் பற்றிப் பேச நமக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் அந்தப் பாவம் நம்முடையதல்ல. கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் மக்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதைப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அதே பயணத்தில் பெங்களூருக்கும் வந்துபோனார். அறிவிப்புப் பலகையில் அவர் படத்துக்குக் கீழே இந்தக் கதையை எழுதி ஒட்டலாம். ஒட்டினால், அந்தத் தலைமையாசிரியர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். ஆசிரியர் சாதியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஹெக்கோடு நீநாசம் நாடகப் பள்ளியில் படித்து மேடையேறிய சித்திக் கலைஞர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)