கல்லில் எழுதிய காலம்

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் தெரியும். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு 1719-இல் மறைந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

உங்கள் ஊர்ப் பழைய தேவாலயத்தின் வரலாறும் இப்படிக் கல்லில் இருக்கலாம். பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றுப் படம் எடுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் தேய்ந்த எழுத்துகளும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். எழுத்தைத் துலக்கச் சாக்பீஸோ எண்ணெயோ தேய்க்க வேண்டாம், கல் கெடும். படத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். கிடைத்த பெயரையும் ஆண்டையும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். அடுத்த வெள்ளையடிப்புக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.