அண்ணாமலையில் மருந்து, நீலகிரியில் மலர்!

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள். மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் நடப்பார்கள். ஊர் திரும்புமுன் நாட்டு மருந்துக் கடையில் நுழைகிறவர்களும் உண்டு. அங்கே கேட்டு வாங்கும் சாமான்களில் ஒன்று வாயுவிளங்கம்.

மிளகு போல உருண்டு இருக்கும். செம்மை கலந்த கறுப்பு நிறம். குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்குச் சித்த மருத்துவர்கள் இதைக் கொடுப்பது வழக்கம்.

இந்த வாயுவிளங்கத்துக்கு ஓர் அழகான தங்கை இருக்கிறாள்! ஆனால் அவளைத் திருவண்ணாமலையில் பார்க்க முடியாது. அவள் வீடு நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிறது.

நிமிர்ந்து வளரும் சிறு செடி அது. பல ஆண்டு வாழும். தண்டின் நுனியில் இளஞ்சிவப்பும் சிவப்புமாகப் பூக்கள் கொத்தாக மலரும். புத்தகங்களில் இதன் பெயர் 'லைசிமாக்கியா லெஸ்ஷெனால்டி'. வாய்க்குள் நுழையாத பெயர்தான்! ஆனால் அதற்குள் ஒரு ராஜாவும் ஒரு நோயாளியும் இருக்கிறார்கள்.

ராஜாவும் நோயாளியும்

அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவர் லைசிமாக்கஸ். பிறகு திரேஸ் நாட்டுக்கு அரசரானார். வெறி கொண்டு பாய்ந்து வந்த காளையின் முன் இந்த இனச் செடி ஒன்றை ஆட்டி, அதை அடக்கினாராம். கதைதான், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

நோயாளி, லெஸ்ஷெனால்ட் என்ற பிரெஞ்சுக்காரர். செடி கொடிகளைத் தேடி ஆஸ்திரேலியா வரை போனவர். 1816-ல் புதுச்சேரிக்கு வந்தார். உடல் நலம் கெட்டது. 1819-ல் கோவைக் கலெக்டர் சல்லிவனோடு நீலகிரிக்கு ஏறினார். மலைக் காற்று பட்டதும் உடம்பு தேறியது! அங்கேயே செடிகளைத் திரட்டினார். 1844-ல் தூபி என்ற சுவிட்சர்லாந்து நிபுணர் இந்தப் பூவை நூலில் எழுதியபோது அவர் பெயரையே சூட்டினார்.

குடும்ப அடையாளம்

வாயுவிளங்கம் கொடி. இதுவோ புல்லுக்கு நடுவே நிற்கும் செடி. இவை எப்படி உறவு?

பூவைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலான பூக்களில் மகரந்தக் காம்பு இரண்டு இதழ்களுக்கு இடையில் நிற்கும். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு காம்பும் ஓர் இதழுக்கு நேர் எதிரே நிற்கும். முன்பு இவற்றைத் தனித்தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஆராய்ந்த நிபுணர்கள் 2009-ல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இமயமலையிலும் ஐரோப்பாவிலும் பூக்கும் 'பிரிம்ரோஸ்' மலர்தான் இந்தக் குடும்பத்தின் தலைப்பிள்ளை.

அண்ணாமலை ஏறக்குறைய 2,670 அடி உயரம். இந்தப் பூவுக்கு அது போதாது. ஊட்டி, தொட்டபெட்டா போன்ற குளிர்ந்த உயரங்கள் வேண்டும். அங்கே பள்ளங்களில் சோலைக் காடு, மேடுகளில் புல்வெளி. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான்.

மரமே பகையானது

அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரர்கள் வெறும் தரிசு என்று நினைத்தார்கள். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்தார்கள். முதலில் விறகுக்கு. பிறகு சீகைப் பட்டை தோல் பதனிடப் போயிற்று. சுதந்திரம் வந்த பிறகும் நடுவது நிற்கவில்லை. செயற்கைப் பட்டு நூலுக்கும் கற்பூர மரம் தேவைப்பட்டது.

மரம் ஓங்கியது. வெயில் மறைந்தது. புல் செத்தது. புல்லோடு வாழ்ந்த பூக்களும் போயின. பழனி மலையில் 1973-க்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதாக 2018-ல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது.

பூ போனால் போகட்டும் என்று இருக்க முடியுமா? மழையைக் குடித்து வைத்திருந்து ஓடைகளில் மெல்ல விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். பவானிக்கு வரும் தண்ணீரில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

திருவண்ணாமலையில் கதை வேறு. இங்கே காடு அழிந்து மலை மொட்டையாகிக் கிடந்தது. தொண்டர்கள் பல ஆண்டுகளாக இந்த மண்ணுக்கு உரிய மரங்களை நட்டார்கள். கோடையில் தீப் பரவாமல் புல்லை வெட்டித் தடுப்புக் கோடு போட்டார்கள். இங்கே மரம் நடுவது மலைக்கு மருந்து. நீலகிரிப் புல்வெளியில் அதே வேலை நஞ்சு!

1990-ல் தேசியப் பூங்காவான முக்கூர்த்தியில் இன்னும் பழைய புல்வெளி இருக்கிறது. அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் சீகையும் உண்டு. ஆனால் சீகை லேசில் போகிற மரம் அல்ல. வெட்டினால் அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். வெயில் பட்டதும் ஆயிரமாயிரமாக முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆட்கள் மீண்டும் மலையேறி, அந்தக் கன்றுகளை வேரோடு பிடுங்கியாக வேண்டும்.