கேட்டதும் கண்டதும்

மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தனவென்றும், ஆறைக் கடல் விழுங்கிற்றென்றும் நம் செங்கற்பட்டு ஜில்லாவில் நெடுங்காலமாய் ஒரு கதை வழங்கி வருகிறது. 2004 டிஸம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது கல் வரிசைகளைக் கண்டதாகச் சிலர் கூறவே, கதை ருஜுவாயிற்று என்று பலர் ஆரவாரித்தனர்; வெறும் புரளி என்று வேறு சிலர் நகைத்தனர். இரு திறத்தாரும் விசாரணையின்றியே தீர்ப்பளித்தவர்கள்.

அதே அலை அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் பாறைச் சாஸனங்களை வெளிப்படுத்திற்று. அவை ஒரு சுப்பிரமணியர் ஆலயத்தைக் குறித்தன. தொல்பொருள் இலாகாவார் 2005-ல் அங்கே தோண்டினர், ஆலயம் அகப்பட்டது. அதன் கீழே இன்னும் புராதனமான செங்கற் கட்டடமும் இருந்தது. ஆயினும் இஃது அந்த ஆலயத்துக்கே ருஜு; ஏழு கோயில்களுக்கன்று.

கேட்டதைக் கண்டதுபோற் சொல்லும் சாக்ஷியை நியாயஸ்தலம் ஏற்பதில்லை. நாம் மட்டும் கடைத்தெருவிலும் பொதுக்கூட்டத்திலும் ஏற்பானேன்? கண்டவர் யார், அதனால் நிரூபணமாவது எவ்வளவு என்று கேட்போமாக. எதிர்க் கக்ஷியார் சொல்லை இவ்விதம் சோதிப்பது எளிது. நம் கக்ஷிக்கு அனுகூலமான செய்தியை முதலிற் சோதிப்பதே தேச ஊழியனுக்கு அழகு.