பள்ளத்தாக்கில் இறங்கி நடக்க ஏற்ற வயது

லாஸ் வேகஸில் விமானம் இறங்கி, வாடகைக்கு ஒரு வேன் எடுத்து, ஆறே நாளில் சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவது. அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் பள்ளி விடுமுறையிலோ, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதோ போடும் வழக்கமான திட்டம் இது. வியூ பாயின்ட்டில் வண்டி நிற்கும். எல்லோரும் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள். பின் சீட்டில் இயர்போனோடு உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பையன் மூன்றாம் நாள் இறங்கவே மாட்டான். “எல்லாம் ஒரே பாறைதானேப்பா” என்பான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளிம்பில் நின்று பார்ப்பவர்களுக்குக் கிராண்ட் கேன்யன் ஒரு பெரிய படம்தான். 446 கி.மீ. நீளம், 29 கி.மீ. வரை அகலம், ஒன்றரை கி.மீ.க்கும் மேல் ஆழம் என்று எவ்வளவு சொன்னாலும் கண் அந்த அளவை நம்புவதில்லை. உள்ளே அரை மணி நேரம் இறங்கி நடந்து, திரும்பி அண்ணாந்து பார்க்கும்போதுதான் எங்கே நிற்கிறோம் என்பது உடம்புக்குப் புரிகிறது.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படி இறங்க முடியாது. கல்லூரிக்குப் போன பிள்ளை நம்மோடு விடுமுறைக்கு வருவதே அபூர்வம். நடுவில் இருக்கும் 12 முதல் 17 வயதுதான் யூட்டா, அரிசோனா பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்கு உரிய வயது. காலில் வலு இருக்கிறது, ஆபத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், நம்பி ஒரு வேலையைக் கொடுக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் பயணத்தின் திட்டத்தை அவர்களிடமே கொடுங்கள்.

“எங்கே போகலாம், சொல்லு” என்று கேட்டால் “தெரியல” என்றுதான் பதில் வரும். ஆளுக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். அந்த நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே பெட்ரோல் போடுவது, எந்தப் பாதையில் நடப்பது, எவ்வளவு தண்ணீர், இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேருவது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் எழுதித் தர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓடக்கூடாது, ஒரு நல்ல நடை கட்டாயம் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகள் போதும்.

வரைபடத்தோடு உட்கார்ந்ததுமே அவர்களுக்குத் தெரியவரும் முதல் செய்தி, தூரம். சயானிலிருந்து பிரைஸுக்குச் சுமார் 135 கி.மீ.; பிரைஸிலிருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலையில் கேப்பிட்டல் ரீஃபுக்கு 190; ஆர்ச்சஸை ஒட்டிய மோவாப் ஊரிலிருந்து மான்யுமென்ட் வேலிக்கு 240. சாலை நன்றாக இருந்தாலும் நடுவே ஒன்றுமே இருக்காது. கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே ஐ-70 விரைவுச் சாலையில் ஏறக்குறைய 170 கி.மீ.க்கு ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. போன் சிக்னல் பல இடங்களில் போய்விடும். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைப்பதும், பாதி டேங்க் காலியானதும் நிரப்புவதும் அங்கே பழக்கமாக வேண்டும்.

ஆகவே வெட்டித் தள்ளுங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மேற்குப் பக்கம் சயான், பிரைஸ், பேஜ், கிராண்ட் கேன்யன். அல்லது கிழக்கே மோவாப், கேப்பிட்டல் ரீஃப், மான்யுமென்ட் வேலி. இரண்டையும் சேர்த்தால் காரைத்தான் சுற்றிப் பார்ப்பீர்கள். கூட்டம் குறைந்த கேப்பிட்டல் ரீஃபைப் பலர் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தமான விஷயம். செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃபுரூட்டா என்ற இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய மோர்மன் குடும்பங்கள் தொடங்கிய பழத்தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. செர்ரி, ஆப்ரிகாட், பீச், ஆப்பிள் என்று பருவத்துக்கு ஏற்ப மரத்திலிருந்து நாமே பறித்து அங்கேயே சாப்பிடலாம். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் காசு. பக்கத்துப் பாறைச் சுவரில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் அங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் செதுக்கிய மனித உருவங்களும் மலையாடுகளும் இருக்கின்றன.

எப்போது போவது? ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில்தான் என்பது தெரியும். ஆனால் அந்த மாதங்களில் கிராண்ட் கேன்யனின் அடிவாரத்தில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உயரத்தையும் கவனிக்க வேண்டும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். பிரைஸ் அதைவிட உயரம். அக்டோபர் இரவில் பிரைஸில் தண்ணீர் உறையலாம். அப்படிப் பாறை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, ஆண்டுக்கணக்கில் பிளந்து பிளந்துதான் பிரைஸின் ‘ஹூடு’ எனப்படும் கல்தூண்கள் உருவாயின. ஸ்வெட்டரும் தொப்பியும் ஒரே பையில் இருக்கட்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு ஆபத்து, மழைக்கால இடிமழை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கீழ் ஆன்டிலோப் கேன்யனுக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படி மழையே இல்லை. பல மைல்களுக்கு அப்பால் கொட்டிய மழை, கைநீட்டினால் இருபுறமும் தொடும் அந்தக் குறுகிய பிளவுக்குள் சுவராக வந்து சேர்ந்தது. பாறை தண்ணீரை உறிஞ்சாது, மண்ணும் மரமும் தடுத்து நிறுத்தாது. பெய்த மழை அப்படியே ஓடிவரும். தலைக்கு மேல் நீலவானம் இருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதைப் பிள்ளைகள் அங்கே போகுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் வானிலைத் துறையின் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை மூத்த பிள்ளைக்குக் கொடுங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைய நடை ரத்து, பேச்சே இல்லை.

எச்சரிக்கை இல்லாத நாளில் சயானின் ‘நேரோஸ்’ போல ஒரு நடை வேறெங்கும் கிடைக்காது. ஷட்டில் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரமாக ஒன்றரை கி.மீ. நடந்தால் பாதை முடிந்துவிடும். அதற்குமேல் வர்ஜின் ஆறுதான் பாதை. இருபுறமும் 300 மீட்டர் உயரச் சுவர், சில இடங்களில் ஆற்றின் அகலம் ஏழெட்டு மீட்டர்தான். சயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊர்க் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் நீர்ச் செருப்பும் மரக் கைத்தடியும் இல்லாமல் இறங்காதீர்கள். கலங்கிய நீரில் கால் வைக்கும் உருண்டைக் கல் தெரியாது. தடியை முன்னால் ஊன்றி, அது நின்ற பிறகு காலை எடுத்து வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டு நம்மை முந்திவிடுவார்கள். அந்த ஆற்றில் நச்சுப்பாசி காணப்பட்டதுண்டு என்பதால் தண்ணீர் வாயில் போகக்கூடாது. நம்மவர்கள் முகம் கழுவக் குனிவார்கள், தடுத்துவிடுங்கள்.

கிராண்ட் கேன்யனில் ரேஞ்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இறங்குவது உங்கள் விருப்பம், ஏறி வருவது கட்டாயம். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். மலை ஏறிப் பழகிய நமக்கு இது தலைகீழ். களைப்பான பாதி கடைசியில் வருகிறது. ஒரே நாளில் அடிவாரத்தில் ஓடும் ஆறு வரை போய்த் திரும்ப முயலவே கூடாது. முதல்முறை போகிறவர்களுக்கு சவுத் கைபாப் பாதையில் ‘ஊ ஆ’ முனை வரை, போக மட்டும் ஒன்றரை கி.மீ., போதும். அந்தப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. காலை 10 மணிக்குள் மேலே வந்துவிடுகிற மாதிரி விடியலில் இறங்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாமல் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும்; இந்தப் பாதைகளில் அது பலரும் அறிந்த ஆபத்து. உப்பும் சேர வேண்டும். இதில் நம் சமையலறை நன்றாகவே கைகொடுக்கும். முறுக்கு, காராசேவு, உப்புக்கடலை, ஊறுகாயோடு புளியோதரை எல்லாம் அந்த வெயிலுக்கு மிகப் பொருத்தம். தயிர்சாதத்தை ஐஸ்பெட்டிக்குள் வைத்து, நடந்து முடித்து வண்டிக்கு வந்த பிறகு சாப்பிடுங்கள்.

தாத்தா பாட்டியும் உடன் வருகிறார்கள் என்றால் ஒரே திட்டத்தில் எல்லோரையும் கட்டி இழுக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளோடு இறங்கட்டும், இன்னொருவர் பெரியவர்களோடு தெற்கு விளிம்பில் இருக்கும் ‘காலப் பாதை’யில் நடக்கட்டும். சமதளமான தார்ப்பாதை. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போனதாகக் கணக்கு. வழியில் அந்தந்தக் காலத்துப் பாறையைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். விளிம்பின் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. ஆற்றங்கரையில் இருக்கும் கரும்பாறைக்கு 170 கோடிக்கு மேல். அதன் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். உள்ளே எழுந்து நிற்கும் சிகரங்களில் விஷ்ணு, பிரம்மா, சிவன் பெயர்களும் உண்டு. 1880களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் இப்படிக் கீழைநாட்டுப் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விஷ்ணு சிகரத்தின் பெயர் அவர் வைத்ததே. பாட்டிக்கு அந்தச் சிகரத்தைக் கைகாட்ட மறக்காதீர்கள்.

பேஜ், மான்யுமென்ட் வேலி பக்கம் போகும்போது நீங்கள் நவஹோ மக்களின் மண்ணுக்கு விருந்தாளி. சுமார் 71,000 சதுர கி.மீ., இலங்கையைவிடப் பெரிய நிலம். அவர்கள் தங்களை ‘டினே’ என்கிறார்கள். 1864இல் அமெரிக்க ராணுவம் அவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக் கொண்டுபோய் அடைத்துவைத்தது. 1868 உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். இதைப் பிள்ளைகள் வண்டியிலேயே படித்துவிட்டு வரட்டும். ஆன்டிலோப் கேன்யனுக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மனிதர்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. மது கொண்டுபோவது அங்கே சட்டவிரோதம். கூடவே கடிகாரக் குழப்பம் ஒன்று உண்டு: கோடையில் நவஹோ நிலம் யூட்டாவைப்போல் ஒரு மணி நேரம் முன்னே நகரும், அரிசோனா நகராது. ஆன்டிலோப் பயணங்களோ அரிசோனா நேரத்தில் நடக்கின்றன. எல்லையோரத்தில் போன் தானாக மாறி மாறிக் காட்டும். முன்பதிவு செய்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

மோவாப் பக்கம் நடக்கும்போது பாதையோரத்து மண்ணைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, மேடும் பள்ளமுமாகப் பொருக்குத் தட்டியதுபோல் இருக்கும். அது உயிருள்ள மண். நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் மணல் துகள்களைப் பின்னிப் பிடித்து, காற்றும் மழையும் அரிக்காமல் காக்கின்றன. ஒரு காலடி அதை உடைத்தால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்காகப் பாதையை விட்டு இரண்டு அடி விலகுவதுகூட அங்கே சேதம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் பெரியவர்களையே கண்டிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அனுமதிகள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ் 80 டாலர். 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அது 250 டாலர் ஆகிவிட்டது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு என்ன கட்டணம் என்று கிளம்புமுன் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். மான்யுமென்ட் வேலியில் இந்தப் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். சயானில் சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங்கிற்கு 2022 முதல் குலுக்கல் முறையில்தான் அனுமதி. உயரத்துக்கு அஞ்சாத, சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் அது ஏற்றது. மார்ச் முதல் மே வரையிலான நடைக்கு ஜனவரி 1 முதல் 20 வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான நடைக்கு ஜூலை 1 முதல் 20 வரையும் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை இன்றே காலண்டரில் குறிக்கச் சொல்லி, விண்ணப்பத்தைப் பிள்ளைகளையே நிரப்பவிடுங்கள்.